லண்டனுக்கு ஒரு டிக்கெட்

சின்ன மகளின் பிரசவத்துக்காக லண்டன் புறப்படும் காந்திமதிக்கு, தாம்பரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜெபகுமார் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டைரக்ட் ஃப்ளைட்ல பதினோரு மணி நேரம்தான்மா."

"தோஹா வழியாப் போனா?"

"இருபத்தொரு மணி நேரம் ஆகும். நடுவுல ஒன்பது மணி நேரம் ஏர்போர்ட்லயே உட்கார்ந்திருக்கணும்."

"அதையே போடுங்க தம்பி."

அந்த அம்மா காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தான் ஜெபகுமார்.

"விலை ஒண்ணும் குறைச்சல் இல்லம்மா. இந்த வயசுல எதுக்கு அலைச்சல்?"

"மூத்தவ அந்த ஏர்போர்ட் உள்ளதான் காபிக் கடையில வேலை பார்க்குறா. அவளைப் பார்த்து மூணு வருஷமாச்சு" என்றார் காந்திமதி.

ஜெபகுமார் மறுபடி திரையில் தேடினான்.

"தோஹாவுல பதினாலு மணி நேரம் நிக்கிறது ஒண்ணு இருக்கும்மா. அதைப் போடட்டுமா?"