சுவர்ப் பக்கம்

"செவுத்துக்குள்ள யாருப்பா பாடுறாங்க?" என்று மகள் சிறுவயதில் கேட்டாள். ஜெபமணி வீட்டில் அப்போது ரேடியோ இல்லை. பக்கத்து வீட்டு சலோமி டீச்சர்தான் குழந்தைக்காகத் தன் ரேடியோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

இப்போது டீச்சர் படுத்த படுக்கை. ஜெபமணி தன் டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ப்ரீஆம்ப் வாங்கப் போனார்; கண்ணாடிக் குழல் வால்வு வைத்து, பாட்டின் ஒலியைச் சீராக்கித் தரும் பெட்டி அது. கடையில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று என இரண்டு பெட்டிகளை மாற்றி மாற்றிப் பாடவிட்டு, ஒவ்வொரு முறையும் வெளியே வந்து கடைச் சுவரில் காதை வைத்தார்.

"பாட்டு உள்ள ஓடுது, நீங்க பல்லி மாதிரி இங்க ஒட்டிக்கிட்டிருக்கீங்களே அண்ணே!" என்று கடைக்காரர் யாசின் சிரித்தார்.

பெரியதில் அதிர்வு மட்டுமே சுவரைத் தாண்டியது. சின்னதில் வார்த்தைகளும் வந்தன.

"சின்னதையே குடுங்க தம்பி."

மறுநாள் வீட்டில் யாருமில்லாத நேரம். வால்வு சிவந்ததும் ஸ்பீக்கர்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஒரு கீர்த்தனையை ஓடவிட்டார். அந்தப் பக்கம் கட்டில் சட்டத்தில் ஒரு விரல் தாளம் போடத் தொடங்கியது.