தண்ணீர்க் குழாய்

தார்த்து நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் வாராவாரம் தொண்ணூற்றைந்து பேரின் மல மாதிரிகளோடு வெறும் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாய் ஒன்றையும் சோதிப்போம். அதில் கிருமி எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த வாரக் கணக்கே செல்லாது.

குடல் கிருமிகளின் விகிதத்தை வைத்து ஆளையும் சாப்பாட்டையும் ஊகிக்கும் கணினி நிரல் நான் எழுதியது. ஜூன் தொடக்கத்தில் அது தண்ணீருக்கும் விடை சொன்னது: பெண், வயது நாற்பத்தொன்று, இரண்டு நாள் பட்டினி.

"கையுறை மாத்தாம யாரோ தொட்டிருக்காங்க," என்றான் கூட வேலை செய்யும் உர்மாஸ். குழாய், தண்ணீர் இரண்டையும் மாற்றினோம். அடுத்த வாரமும் அதே பெண்தான். ஒன்பது நாள் பட்டினி. அதற்கடுத்த வாரம் பதினாறு.

"பாவம், ஏதாவது சாப்பிடக் குடேன்," என்று கிண்டலடித்தான்.

ஆய்வுக்கூடத்துக்குள் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஒரு துண்டுக் கருப்பு ரொட்டியை உறைபெட்டிமேல் வைத்துவிட்டு வந்தேன்.

திங்களன்று அது காய்ந்து அப்படியே கிடந்தது. தண்ணீருக்கு விடை வந்தது: கருப்பு ரொட்டி, மூன்று நாளாக.

உர்மாஸ் சுவரிலிருந்த நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஜூலை பூரா லீவு விட்டுப் பூட்டிடுவாங்களே," என்றான். "அவ என்ன பண்ணுவா?"