நடுரோட்டில் நிற்கும் கார்

கார் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நடுரோட்டில் செத்துப்போனது. பின்னால் வந்த தம்புள்ளை பஸ் கிறீச்சிட்டு, பின்கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது.

மாத்தளை டவுனில் சனிக்கிழமைக் கூட்டம். பஸ்ஸிலிருந்து குதித்த கண்டக்டர் ஓடிவந்து ஸ்டியரிங் பக்கத்து ஜன்னலில் தட்டினான்.

"ஏம்மா, பிரேக் லைட்டு எரிஞ்சதால தப்பிச்சீங்க. இல்லாட்டி ரெண்டு பேரையும் பெட்டியிலதான் வச்சிருக்கணும். நடுரோட்ல எதுக்கு பிரேக் அடிக்கிறீங்க?"

"நான் பிரேக்க தொடவே இல்லங்க," என்றாள் சிவநந்தினி, பக்கத்தில் இருந்த கணவனைப் பார்த்து.

உதயராஜ் கைகளைக் கட்டிக்கொண்டு நிதானமாக இருந்தான். "இந்த மாசத்துல இது ஏழாவது தடவ. பதட்டத்துல கால் எங்க போவுதுன்னு ஒனக்கே தெரியல, நந்தினி."

கியரில் ஓடும்போது எஞ்சினும் சக்கரமும் கைகோர்த்துக்கொண்டு சுற்றுகின்றன. அந்தக் கைகளைப் பிரித்துவிடுவதுதான் கிளச்சின் வேலை. அதை மிதிக்காமல் பிரேக்கை மட்டும் அழுத்தினால், நிற்கிற சக்கரம் எஞ்சினையும் பிடித்து நிறுத்திவிடும். அவளுக்கு ஓட்டப் பழக்கிய முனாஸ் மாஸ்டர் இதைப் படம் வரைந்தே விளக்கியிருந்தார்.

காரும் அவருடையதுதான். டிரைவிங் ஸ்கூலுக்குப் புதுக் கார் வந்ததும் பழையதை உதயராஜுக்கு விற்றுவிட்டார். கூரையில் பழகுநர் பலகை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் இன்னும் அடர்சிவப்பாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் நாலந்தாவுக்கு உள்ளே ஒரு தோட்டப் பள்ளிக்கு அதிபராகப் போக வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர், பஸ் கிடையாது. கார் ஓட்டினால்தான் அந்தப் பதவி. அவள் தேறிய அதே அதிபர் பரீட்சையை எழுதி உதயராஜ் இரண்டு தரம் தவறியிருந்தான். வீட்டில் அதைப்பற்றிப் பேச்சு எடுப்பதில்லை. பதவி வேண்டாம் என்று அவள் பெயரில் ஒரு கடிதத்தை அவனே டைப் செய்து சட்டைப்பையில் வைத்திருந்தான்.

"நாலந்தா போயி திரும்பி வர்றதுக்குள்ள இன்னொரு தடவ நின்னுச்சுன்னா கையெழுத்து போட்டுறணும். சரியா?"

"சரிங்க."

வழியில் இரண்டு பஸ்கள் போட்டி போட்டுக்கொண்டு அவர்களை முந்தின. வளைவில் ஒரு திரீவீலர் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது. அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்திருந்தன.

"மாஸ்டர் பக்கத்துல இருந்தப்ப ஒரு நாளும் நின்னதில்லயேங்க."

"அந்தாளுக்கு காசு வருது, நல்லாத்தான் சொல்லுவாரு. புருஷன்தான் உண்மைய சொல்லுவான்."

அவள் கண் அவன் காலடியில் இருந்த ரப்பர் விரிப்புக்குப் போய் ரோட்டுக்குத் திரும்பியது. நாலந்தாவில் ஒரு தேத்தண்ணிக் கடையைக் கண்டதும் காரை ஓரங்கட்டினாள். "நீங்க பிளேன்டி குடிச்சிட்டு வாங்க. நான் காருலயே இருக்கேன்."

இரண்டு ரோல்ஸும் சாப்பிட்டுவிட்டு அவன் வந்தபோது, அவள் வெளியே நின்று பழந்துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னா, கையெல்லாம் கறுப்பு?"

"எஞ்சின் ஒயில் பாத்தேங்க. மாஸ்டர் சொல்லிக்குடுத்ததுதான்."

"ஒயில் பாத்தா டிரைவர் ஆயிருவாங்களா?"

அவள் சிரித்தாள், அன்றைக்கு முதல் தடவையாக. "ஏறுங்க. பெல்ட்ட போட்டுக்கங்க."

"ஒன் ஓட்டத்துக்கு பெல்ட்டு என்னா செய்யும்?" அவன் போடவில்லை. பெல்ட் இறுக்கினால் கால் வசதியாக நீளாது.

திரும்பும் வழியில் ஒரு நீளமான இறக்கம். முன்னால் மரக்குற்றி ஏற்றிய லொறி ஊர்ந்துகொண்டிருந்தது. உதயராஜ் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் ஒரு பஸ், ஆனால் நிற்பதற்குப் போதிய தூரம் இருந்தது. எப்போதும் அளந்துதான் செய்வான். காலையில்தான் கொஞ்சம் பிசகிவிட்டது.

டிரைவிங் ஸ்கூல் காரில் பழக்குகிறவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஒரு இரும்புக் கம்பி அதை ஓட்டுகிறவரின் பிரேக்கோடு இணைக்கிறது. அந்தக் கம்பியைப் பிடித்து வைத்திருப்பது சுண்டுவிரல் அளவு ஆணி ஒன்றுதான். விற்கும்போது எல்லாவற்றையும் கழற்றித் தருவதாக முனாஸ் சொன்னார். 'கெடக்கட்டும் மாஸ்டர்' என்று தடுத்துவிட்டு, கழற்றியாயிற்று என்று மனைவியிடம் சொன்னவன் உதயராஜ். பெடல் தெரியாதபடி ரப்பர் விரிப்பை அதன்மேல் இழுத்துவிட்டிருந்தான்.

சட்டைப்பையில் கடிதம் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். பிறகு இடது காலை நீட்டி, விரிப்புக்கு மேலாகவே அழுத்தினான்.

காற்றை மிதித்தது போல் பெடல் தரைவரைக்கும் போனது. கார் உலுக்கவில்லை, நிற்கவில்லை. மறுபடி மிதித்தான். இரண்டு கால்களையும் சேர்த்து ஓங்கி மிதித்தான்.

எஞ்சின் சத்தம் கூடியது. மரக்குற்றிகளின் வெட்டுமுகங்கள், வட்டம் வட்டமாக, கண்ணாடிக்குள் பெருத்துக்கொண்டே வந்தன. பெல்ட்டைத் தேடித் தடவிய அவன் கையில், இருக்கைகளுக்கு நடுவே கிடந்த பழந்துணியும் சுண்டுவிரல் அளவு ஆணி ஒன்றும் தட்டுப்பட்டன.

"நந்தினி, லொறி... பிரேக்கு. பிரேக்க மிதி."

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்கதான் மிதிச்சிக்கிட்டு இருக்கீங்களே."