புது வெர்ஷன் எப்போது?

"காசு வாங்காம சாஃப்ட்வேரைப் பராமரிக்கிறவர்கிட்ட இப்படியா கேக்கறது? 'நேரம் கிடைக்கும்போது பாருங்க'ன்னு எழுதுங்களேன்," என்றாள், கணவர் தட்டுவதை எட்டிப் பார்த்த மனைவி.

"புது வெர்ஷன் வந்து ஆறு மாசம் ஆச்சு. இன்னும் அதை இலவச சாஃப்ட்வேர் தளத்துல சேர்க்கல. இவனுக்கெல்லாம் மரியாதை ஒரு கேடா?" என்று குதித்தார் புரோகிராமர்.

'சோம்பேறியே, தூங்கியது போதும். உடனே அப்டேட் செய்!' என்று அந்தத் தளத்தில் தட்டி அனுப்பினார்.

அடுத்த நொடியே அவருடைய மெயில் பெட்டி கிணுகிணுத்தது.

"பாத்தியா, அலறியடிச்சுக்கிட்டு பதில் போட்டுட்டான்!"

திறந்தார். 'பராமரிப்பாளர் அவர்களே, உங்கள் பொறுப்பிலுள்ள சாஃப்ட்வேருக்கு ஒரு கோரிக்கை வந்துள்ளது: சோம்பேறியே...'

மூன்று வருஷத்துக்கு முன், பராமரிக்க ஆளில்லாமல் அநாதையாகக் கிடந்த அந்த சாஃப்ட்வேரை, "நான் பாத்துக்கறேன்" என்று தத்தெடுத்தவர் அவர்தான். சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பதில் போடுங்க!"

அவர் விறைப்பாகத் தட்டினார்: 'காசு வாங்காமல் செய்கிறவரிடம் இப்படியா கேட்பது?'