கையை நீட்டு!

“ஆடாம உட்காரு. கையை நீட்டு!”

ஆய்வகப் பெண் அதட்டியதும், தலை நரைத்த அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். பக்கத்து நாற்காலியில் கைக்குழந்தையோடு இருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரத்தத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் உள்ளே போனதும் பொரிந்து தள்ளினாள். “பெரியவங்கன்னு ஒரு மரியாதை வேணாம்? நோயாளின்னா இளக்காரமா?”

“எனக்கு நோயே இல்லம்மா.”

“அப்புறம் எதுக்கு ரத்தம்?”

“உங்க குழந்தைக்காகத்தான். எதிர்ப்புச் சக்தி எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்க்க, நல்லா இருக்கிற ஒருத்தர் ரத்தத்தையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடுவாங்க. ஆள் வேணும்னா எனக்குத்தான் போன் வரும்.”

தாயின் கண்கள் நிறைந்தன. “நீங்க நல்லா இருக்கணும்! ஆனா, அந்தப் பொண்ணோட திமிரு மட்டும்...”

“திமிருதான். கைக்குழந்தையா என் மடியில, இதே இடத்துல, துவண்டு கிடந்தவதான் அவ. பொழைப்பாளான்னே தெரியல. அன்னிக்கு யாரோ ஒரு புண்ணியவதி அவளுக்காகக் கையை நீட்டினாங்க.”

உள்ளிருந்து குரல் வந்தது. “அம்மா, பஞ்சை அழுத்திப் பிடிச்சிருக்கியா, இல்ல கதை பேசுறியா?”

“கேட்டீங்களா?” என்றாள் அம்மாள், பூரித்துப்போய். “இந்த அதட்டலுக்குத்தானே தவம் கிடந்தேன்!”