இடக்கோடிக் கட்டை

மறுபடியும் நீல விளக்கு அணையாமல் நின்றது.

லைட்டுக்காரர் மாடி அறையின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். வெறும் மேடை. நடுவில் ஒரு நாற்காலி. குழாயை மூட மறந்த மாதிரி அதன்மேல் நீலம் கொட்டிக்கொண்டிருந்தது.

மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் மாப்பிள்ளை கீபோர்டோடு இருந்தார். தங்கை புருஷன். மாடியிலிருந்து ஆள் தெரியாது. ஸ்பீக்கர் சாயங்காலம்தான் வரும், அதனால் சத்தமும் கிடையாது. அவர் கட்டையை அமுக்கினால் மேடையில் விளக்கு எரியும். விட்டால் அணையும். அவ்வளவுதான்.

காலையில் தங்கை வாசலில் நின்று சொல்லியிருந்தாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரியிலருந்து வந்து இன்னும் உடம்பு தேறல. நெஞ்சு எப்ப வேணா மக்கர் பண்ணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். உன் கண்ணு அவர் மேலயே இருக்கணும்."

"மாடியிலருந்து ஆள் தெரியாதும்மா. லைட்டு எரிஞ்சுதுன்னா வாசிக்கிறார்னு வச்சுக்க."

அவள் அதையே பிடித்துக்கொண்டாள். லைட்டு எரிஞ்சா சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

கீபோர்டையும் விளக்கையும் வயரால் கோத்துவிடுகிற இந்த மிடி சமாச்சாரமே லைட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. கையால் ஏற்றி இறக்கிய விளக்கு சொன்னபடி கேட்டது. இது ஒரு வயரை நம்பிப் பிழைக்கிற பிழைப்பு. கட்டையை அமுக்கினேன் என்று ஒரு சேதி போகுமாம். விட்டேன் என்று இன்னொரு சேதி போகுமாம். இரண்டாவது சேதி வழியில் தொலைந்துபோனால் விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்குமாம்.

இதைக் கண்டுபிடித்தவனும் உருப்படமாட்டான், கொண்டுவந்தவனும் உருப்படமாட்டான் என்று அன்றைக்குக் காலையிலேயே சொல்லியாகிவிட்டது. கொண்டுவந்தவர் மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு முன்னால் இதே நீல விளக்கு இதே மாதிரி நின்றது. அப்போது லைட்டுக்காரர் விழுந்தடித்துப் படியிறங்கினார். முட்டி இரண்டும் கெஞ்சின. பள்ளத்தை எட்டிப் பார்த்தால் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், எழவு வீட்டுக்கு ஓடுற மாதிரி வர்றீங்க? நான் இன்னும் போகல. வயருதான் மக்கர்."

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. மாடியில் இருக்கிற பெட்டியில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு என்றார். விளக்கு நின்றால் அதை ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், எல்லாக் கட்டையையும் விட்டாச்சு என்று அதுவே சொல்லிவிடும். கிழட்டுக் காலை வைத்துக்கொண்டு இனிமேல் ஓடி வரவேண்டாம்.

வாசிக்கிறவனுக்குப் பதிலாகப் பொய் சொல்வதற்கென்றே ஒரு பட்டன். இதையும் யோசித்து வைத்திருக்கிறான்களே என்று நினைத்துக்கொண்டே லைட்டுக்காரர் அப்போது மாடியேறினார்.

இப்போது படியைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். மாப்பிள்ளையின் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

அமுக்கினார்.

நீலம் அணைந்தது.

அடுத்த விளக்குக்குக் காத்திருந்தார். வரவில்லை. மேடை இருட்டாகவே கிடந்தது.

சிகரெட். வேறென்ன. டாக்டர் அவ்வளவு சொல்லியும் பின்வாசலுக்கு நழுவியாச்சு. லைட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கைக்குப் போன் போட்டு, உன் வீட்டுக்காரர் ஊதப் போயிட்டார், நீயே வந்து கேளு என்றார். வீடு பக்கத்துத் தெருதான். இதோ வர்றேன், இன்னிக்கு இருக்கு அவருக்கு என்றாள் அவள்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று லைட்டுக்காரர் சத்தம் காட்டாமல் மெதுவாகப் படியிறங்கினார்.

பின்வாசலில் திரை இழுக்கிறவர் மட்டும் கயிற்றுச் சுருளில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை என்றார்.

மாப்பிள்ளை பள்ளத்தில்தான் இருந்தார். நாற்காலியிலிருந்து சரிந்து சுவரோடு கிடந்தார். இடது கை மட்டும் கீபோர்டின் ஓரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. உடம்பின் பாரமெல்லாம் அந்த மணிக்கட்டு வழியாக இடக்கோடிக் கட்டையில் இறங்கியிருந்தது.

லைட்டுக்காரர் போட்ட சத்தத்தில் திரை இழுக்கிறவர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். வண்டி கூப்பிடப் பின்வாசல் வழியாகவே தெருவுக்கு ஓடினார்.

வண்டிக்கு இனி வேலை இல்லை என்று லைட்டுக்காரருக்குத் தெரிந்தது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார். மாட்டியிருந்த கையை எடுத்து மடியில் வைத்தார். மேடையில் ஒன்றும் மாறவில்லை. அங்கே விளக்கைத்தான் இவரே பட்டனை அமுக்கி ஏற்கெனவே அணைத்துவிட்டாரே.

அப்புறம் தன் விரலை அந்தக் கட்டையில் வைத்து அமுக்கினார்.

நீலம் எரிந்தது.

விட்டார். உடனே அணைந்தது.

மறுபடி அமுக்கினார், விட்டார். அணைந்தது. வேகமாக அமுக்கிப் பார்த்தார். மெதுவாக விட்டுப் பார்த்தார். வயரைப் பிடித்து உலுக்கிவிட்டு அமுக்கினார். காலையெல்லாம் மக்கர் பண்ணிய வயர் இப்போது ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

ஒரே ஒரு தடவை அணையாம நின்னுரு, உனக்குப் புண்ணியமாப் போகும் என்று அதனிடம் கெஞ்சினார்.

அமுக்கிய விரலோடு இருக்கும்போது ஹாலின் பெரிய கதவு திறந்தது. தங்கையின் செருப்புச் சத்தம் விறுவிறுவென்று வந்தது. அங்கிருந்து பார்த்தால் பள்ளம் தெரியாது. மேடைதான் தெரியும்.

சத்தம் பாதி வழியில் நின்றது.

"ஏண்ணே, பொய் சொல்லியா என்னை வரவச்ச? லைட்டு எரியுதே! வாசிச்சுக்கிட்டுத்தான இருக்கார்!"

குரலில் சிரிப்பு இருந்தது.

லைட்டுக்காரர் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை.