தண்ணீர் கேட்காத செடி

வாளி பாதி சாய்ந்திருந்தது.

"அம்மா! அதுக்கு ஊத்தாதே!"

பின்வாசல் கதவில் அவள் மகள் தாரிணி. வாயில் பற்பசை நுரை.

அம்மா வாளியை நிமிர்த்திக்கொண்டாள்.

கலிபோர்னியா வந்ததிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் அவள் பொறுப்பு. அங்கே இரண்டு செடிகள். இரண்டுக்கும் பெயர் லைலாக்.

தொட்டியில் நிற்பது பனி பெய்யும் ஊர்ச்செடி. தாரிணி கல்யாணமாகிப் போயிருந்த ஊர். அந்த வீட்டைவிட்டு வந்தபோது, இரண்டு பெட்டிகளோடு இதையும் காரில் ஏற்றி வந்தாளாம். இலை விடுகிறது. இந்த ஊரில் பூக்க அதற்குக் குளிர் போதவில்லை.

வேலியோரம் நிற்பது இந்த மண்ணின் புதர். அம்மா வந்து இறங்கியபோது உடம்பெல்லாம் நீலமாகப் பூத்திருந்தது.

இப்போது கோடை. இலையெல்லாம் மஞ்சள்.

மஞ்சளைப் பார்த்துத்தான் அவள் இன்னும் ஒரு வாளி சேர்த்து ஊற்றிவந்தாள்.

"அது மலைச்செடிம்மா. வெயில்காலத்துல அப்படியே தூங்கும். வேர்ல ஈரம் நின்னா அழுகிடும்."

"தண்ணி ஊத்தினா சாகற செடியை உன் வீட்லதான்டி பாக்கறேன்."

தாரிணி சிரிக்கவில்லை.

"சும்மா விட்டா பொழச்சுக்கும்மா."

சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவள் புதரடியில் குந்தி மண்ணை விரலால் கிளறினாள்.

சேறு. புளித்த வாடை.

விவாகரத்து என்று கேள்விப்பட்டதும் அவளுடைய தம்பி ஃபோனில் கேட்டான்: "என்னக்கா, பொண்ணைத் தண்ணி தெளிச்சு விட்டுட்டியா?"

அந்த ஒரு சொல் பொறுக்காமல் விமானம் ஏறியவள். போக வேண்டிய தேதியை இருமுறை தள்ளிப் போட்டவள்.

கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சாப்பிட வைத்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நீண்டால் கதவைத் தட்டினாள். மகள் ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசினாள்.

தாரிணி இளைத்துக்கொண்டே போனாள்.

அவள் இன்னும் ஒரு தோசை சேர்த்து வைத்தாள்.

வேலியில் வெயில் ஏறியது. தோசைக்கு மகளைக் கூப்பிடும் நேரம்.

வாளியில் மிச்சமிருந்ததைத் தொட்டிச் செடிக்கு ஊற்றினாள். அது குடித்தது.

வாளியைக் கவிழ்த்தாள். அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

கூப்பிடவில்லை.

வெகுநேரம் வீட்டுக்குள் சத்தமே இல்லை. அவள் இரண்டு கைகளையும் முழங்காலுக்கிடையே இடுக்கிக்கொண்டாள்.

பிறகு குளிர்சாதனப்பெட்டி திறக்கும் ஓசை. அடுப்பு பற்றும் ஓசை. கல்லில் மாவு விழுந்து சீறியது.

கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாசனை வந்தது.

அவள் கால்கள் எழப் பார்த்தன. அடக்கிக்கொண்டாள்.

கல்லைச் சுரண்டும் சத்தம்.

மறுபடியும் மாவு சீறியது.